மறத்தலும் மறைத்தலும்

மனிதனைக் குறிக்கும் 'இன்ஸான்' என்னும் அரபுச் சொல்லின் மூலம் யாது என்பதில் பழைய மொழி வல்லுநரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மறதியைக் குறிக்கும் 'நிஸ்யான்' என்பதிலிருந்து அது பிறந்தது என்பர் ஒரு சாரார். நெருங்கிப் பழகுதலைக் குறிக்கும் 'உன்ஸ்' என்பதே அதன் வேர் என்பர் மறு சாரார். இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லும் புலமை நமக்கில்லை. ஆனால் இவ்விரு பொருள்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு அண்மையில் இருக்கின்றன என்பதை எண்ணாதிருக்க முடியவில்லை. ஒரே கூரையின் கீழ் நாற்பதாண்டு சேர்ந்து வாழும் கணவனும் மனைவியும், ஒருவர் உதிர்த்த கடுஞ்சொல் ஒவ்வொன்றையும் மற்றவர் நாளும் நேரமும் தவறாமல் நினைவில் வைத்திருப்பாராயின், அவ்வாழ்வு நாற்பது நாள்கூட நிலைக்காது. மறக்கத் தெரிந்தவர்களே நெருங்கி வாழவும் தெரிந்தவர்கள்.

இன்று நம்மோடு மிக நெருங்கிப் பழகும் பொருள் ஒன்று உண்டு. உறங்கும்போது தலைமாட்டிலும் விழித்திருக்கும்போது சட்டைப் பையிலும் அது இருக்கிறது. கைப்பேசியைத்தான் சொல்கிறோம். நெருக்கத்தில் அதற்கு நிகரில்லை; மறதியோ அதன் இயல்பிலேயே இல்லை. அதிலுள்ள உலாவியைத் திறந்து, தேடல் கட்டத்தில் ஓர் எழுத்தைத் தொட்டவுடன், நாம் என்றோ தேடிய சொற்றொடர்கள் ஏவலாளரைப்போல் வரிசையாக வந்து நிற்கின்றன. 'ந' என்று தொடுகிறோம். நகைக் கடன் மீட்கத் தவறினால் என்ன ஆகும், நள்ளிரவில் நெஞ்சு படபடப்பது எதனால் என்றெல்லாம் அது நினைவூட்டுகிறது. நாம் கேட்க வந்ததோ நாகப்பட்டினம் செல்லும் ரயிலின் நேரம். பக்கத்தில் அமர்ந்திருக்கும் மைத்துனர் அதை எட்டிப் பார்த்துவிட்டார் என்றால், அன்று மாலைக்குள் குடும்பம் முழுவதும் நம் நகையைப் பற்றியும் நெஞ்சைப் பற்றியும் கவலைப்படத் தொடங்கிவிடும்.

கூகுள் நிறுவனத்துப் பொறியாளர் கெவின் கிப்ஸ் என்பவர் உருவாக்கிய இவ்வசதி, 2004ஆம் ஆண்டு டிசம்பரில் சோதனை முறையில் வெளிவந்து, 2008இல் அந்நிறுவனத்தின் முகப்பிலேயே இடம் பெற்றது. பிற தேடுபொறிகளும் உலாவிகளும் இத்தகைய வசதியைத் தந்தன. இதன் பயனை நாம் குறைத்துப் பேசவில்லை. எழுத்துப் பிழையோடு தேடுபவருக்கும், சிறிய விசைகளில் தமிழைத் தட்டச்சிடத் திணறும் முதியவருக்கும் அது கைகொடுக்கிறது. கேள்வி அதன் பயனைப் பற்றியதன்று. சேர்த்து வைத்த இச்சொற்களை நாம் அழிக்கும்போது செய்வது யாது? மறக்கிறோமா, மறைக்கிறோமா? மறைக்கிறோம் என்றால், அது நேர்மையாகுமா?

இதற்கு விடை தேடுமுன், அழித்தல் என்பது உண்மையில் எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். இப்பரிந்துரைகள் ஒரே ஊற்றிலிருந்து வருவன அல்ல. நம் கருவியிலேயே உலாவி சேர்த்து வைத்திருப்பவை சில. நாம் பெயர் பதிந்து நுழைந்த கணக்கின் வழியாக நிறுவனத்தின் தொலைதூரக் கணினிகளில் சேர்ந்திருப்பவை சில. ஊரார் பலரும் தேடியதைக் கொண்டு பொதுவாக எல்லார்க்கும் காட்டப்படுபவை இன்னும் சில. கணினியில் ஒரு பரிந்துரையின்மீது அம்புக்குறி விசையால் நின்று ஷிப்ட், டெலிட் என்னும் இரு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் பல உலாவிகளில் அந்த ஒன்று நீங்கும். ஆனால் நீங்குவது நம் கருவியிலிருந்துதான். கணக்கில் உள்ளதை அழிக்க அக்கணக்கின் செயல்பாட்டுப் பக்கத்துக்குத் தனியே செல்ல வேண்டும். புதிதாகத் தொடங்கும் கணக்குகளில் தேடல் பதிவு 18 மாதங்களில் தானே அழியுமாறு 2020இல்தான் கூகுள் ஏற்பாடு செய்தது. மூன்றாவது வகையோ நம் கையில் இல்லை. ஒன்றை அழித்துவிட்டு மூன்றும் அழிந்தன என்று நிம்மதி கொள்வோர் பலர். 'மறைநிலை' என்று பெயரிட்ட சாளரத்தை நம்பியவர்களின் நிலையும் அத்தகையதே. அது கருவியில் பதிவு வைக்காது. வெளியே எவரும் பதிவு வைக்கமாட்டார் என்று அது உறுதி கூறியதில்லை. இது குறித்து 2020இல் அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கு ஒன்றில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிப்பதாக 2024இல் கூகுள் உடன்பட வேண்டியதாயிற்று.

கைப்பேசி எல்லார் கையிலும் வருவதற்கு முன்பே ராயப்பேட்டை வாசிகள் இச்சிக்கலை வேறு வடிவில் அறிந்திருந்தனர். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையின் தெருவெங்கும் 'பிரவுசிங் சென்டர்' என்னும் கடைகள் முளைத்தன. 1951இல் தொடங்கப்பெற்ற புதுக்கல்லூரி இருக்கும் பீட்டர்ஸ் சாலைப் பகுதி போன்ற, மாணவர் நடமாட்டம் மிகுந்த இடங்களில் அவற்றுக்குக் குறைவில்லை. தேர்வு முடிவு பார்க்க வந்த பையனும், வளைகுடா வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப வந்தவரும், அயல்நாட்டில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுதச் சொல்லி உட்கார்ந்திருக்கும் தாயும் ஒரே நாற்காலியில் ஒருவர் பின் ஒருவராக அமர்ந்தனர். பலகைத் தடுப்பு பக்கத்துக் கண்களை மறைத்தது. முன்னவர் விட்டுச் சென்ற சொற்களைப் பின்னவரிடமிருந்து மறைக்கவில்லை. ஓர் எழுத்தைத் தட்டினால் முகம் தெரியாத ஒருவரின் நோயோ காதலோ கடனோ திரையில் விழுந்தது. 2011ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட விதிகள், இக்கடைகள் வருவோர் பெயரையும் அவர்கள் பார்த்த தளங்களின் பதிவையும் குறைந்தது ஓராண்டு காத்து வைக்க வேண்டும் என்றன. கடைக்காரர் துடைக்க விரும்பினாலும் சட்டம் வைத்திருக்கச் சொன்னது. குற்றம் நடந்தால் தடம் வேண்டும் என்பது அரசின் நியாயம். அந்த நியாயத்தில் பொருள் இல்லாமலில்லை.

'மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்?' என்று கேட்பவர் உண்டு. தேடியதில் தவறில்லை என்றால் அழிப்பானேன் என்பது அவர்தம் வாதம். இப்பழமொழியை நாம் எல்லோரும் தலைகீழாகப் பயன்படுத்தி வருகிறோம் என்றே தோன்றுகிறது. மடியில் உள்ள கனம் திருட்டுப் பொருளன்று. உழைத்துச் சேர்த்த காசை வேட்டி மடியில் முடிந்துகொண்டு காட்டு வழியே நடப்பவனுக்குத்தான் கள்வர் பயம். கனம் வைத்திருப்பது குற்றமன்று. அவன் அஞ்சுவதிலும் பிழையில்லை. பழமொழி கண்ட அந்த வழிப்போக்கனிடம், 'நீ நல்லவனாயின் மடியை அவிழ்த்துக் காட்டு' என்று சொல்வோமா?

தேடல் சொல் என்பது செயலன்று, கேள்வி. கேள்வியை வைத்து மனிதனை அளப்பது எத்தகைய பிழைக்கு இட்டுச் செல்லும் என்பதை 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டியது. ஏ.ஓ.எல். என்னும் அமெரிக்க நிறுவனம், ஆராய்ச்சியாளருக்குப் பயன்படட்டும் என்று சுமார் 6,50,000 பேரின் ஏறத்தாழ இரண்டு கோடித் தேடல்களை வெளியிட்டது. பெயர்களை நீக்கி எண்களை இட்டிருந்தது. சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் படிகள் உலகெங்கும் பரவிவிட்டன. நியூயார்க் டைம்ஸ் இதழின் செய்தியாளர்கள் ஓர் எண்ணுக்குரிய தேடல்களை மட்டும் கூட்டிப் பார்த்து, அவற்றுக்கு உரிய பெண்மணியின் வீட்டு வாசலுக்கே போய்ச் சேர்ந்தனர். அவருடைய பட்டியலில் நோய்கள் பல இருந்தன. அதைப் படிப்பவர் அவரைத் தீராத நோயாளி என்றே முடிவு கட்டியிருப்பர். உண்மையில் அவர் தம் தோழியரின் நோய்களைப் பற்றித் தேடிப் படித்து அவர்களுக்கு ஆறுதல் கூறுபவர். பிறர்பால் அவர் கொண்ட பரிவு, பட்டியலில் அவருடைய நோயாகத் தோற்றமளித்தது. பதிவு பொய் சொல்லவில்லை. ஆயினும் உண்மை அதில் இல்லை.

பிறர் மறைவைத் துருவிப் பார்ப்பதைத் திருக்குர்ஆன் தன் 49ஆம் அத்தியாயத்தில், புறம் பேசுதலோடு சேர்த்துத் தடுத்திருக்கிறது. கலீபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி அறிஞர்கள் எடுத்துக்காட்டும் ஒரு நிகழ்ச்சி இங்கே பொருந்தும். மதீனாவில் இரவுக் காவல் சுற்றி வருகையில் ஒரு வீட்டிலிருந்து தகாத ஆரவாரம் கேட்கிறது. சுவரேறிக் குதித்து உள்ளே சென்று அம்மனிதனைக் கையும் களவுமாகப் பிடிக்கிறார். அவனோ, தான் செய்த பிழை ஒன்று என்றால் கலீபா செய்தவை மூன்று என்று வாதிடுகிறான். துருவிப் பார்த்தது ஒன்று, வாசல் வழி வராதது மற்றொன்று, அனுமதியும் சலாமும் இன்றி நுழைந்தது இன்னொன்று. வல்லமை மிக்க அந்த ஆட்சியாளர் அவ்வாதத்தை ஏற்றுத் திரும்பினார். அவன் நிரபராதி என்று எவரும் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. குற்றம் இருந்தும் சுவருக்கு மதிப்பு இருந்தது.

ஆனால் இத்துடன் நின்றுவிட்டால் நாம் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். துருவுவதைத் தடுத்த அதே வேதந்தான் கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சியோடு எழுதி வைக்கச் சொல்கிறது. திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம், இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆவது வசனம், பேசுவது இதைப் பற்றித்தான். ஆகவே பதிவு என்பதே தீது என்று கொள்ள இடமில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கையில் நமக்குப் புலப்படுவது இது. இருவருக்கு இடையில் ஓர் உரிமை நிற்குமானால் எழுத்து வேண்டும். அந்த உரிமை தீரும் வரை அதை அழிக்க ஒருவருக்கு மட்டும் அதிகாரமில்லை. ஒருவர் நெஞ்சுக்குள்ளேயே நிகழ்ந்து முடிவதை எழுதி வைக்க எவருக்கும் கடமையில்லை. ஒருவரை மிரட்டிக் கடிதம் அனுப்பியவன் தன் கைப்பேசியைத் துடைத்தால் அவன் பிறர் உரிமையைத் துடைக்கிறான். கருத்தரிப்பதில் உள்ள தடையைப் பற்றித் தேடிய பெண் அதைத் துடைத்தால் அவள் எவருடைய எதையும் எடுத்துவிடவில்லை.

கடன் உள்ளவரை எழுத்து, கடன் தீர்ந்தால் மறதி என்னும் இவ்வொழுங்கை நம் நூலகங்கள் ஒரு காலத்தில் எவ்வளவு அழகாக நடத்திக் காட்டின என்பதை இன்றைய இளைஞர் அறியமாட்டார். பழைய நூலகங்களில் உறுப்பினராயிருந்த வாசகர்களுக்கு அந்தச் சிறு அட்டைப் பைகள் நினைவிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீனா பிரௌன் என்னும் அமெரிக்க நூலகரின் பெயரால் அறியப்பட்ட முறை அது. நூலின் உள்ளட்டையில் அந்நூலுக்குரிய சீட்டு ஒன்று இருக்கும். வாசகரிடம் அவர் பெயர் எழுதிய பை இருக்கும். நூலை எடுக்கையில் நூலின் சீட்டை வாசகரின் பைக்குள் செருகி, திருப்பித் தர வேண்டிய தேதியின் கீழ் ஒரு தட்டில் அடுக்கி வைப்பர். நூல் திரும்பியதும் சீட்டு நூலுக்குப் போகும். பை வாசகரின் கைக்கு வரும். அந்த நொடியில், இன்னார் இந்நூலைப் படித்தார் என்பதற்கு உலகில் எந்தச் சான்றும் இராது. எவரும் எதையும் அழிக்கவில்லை. இரண்டு துண்டுகள் பிரிந்தன, அவ்வளவே. இதற்கு மாறாக, நூலின் சீட்டிலேயே எடுத்தவர் எண்ணைக் குறித்து வைக்கும் நியூவார்க் முறையும் இருந்தது. அதில் ஒவ்வொரு நூலும் தன் வாசகர் அனைவரையும் காட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நூலின் கடைசித் தாளில் ஒட்டிய தேதிச் சீட்டு. அதில் ஊதா மையில் குத்திய தேதிகளைப் பார்த்தே, இது ஊரார் விரும்பிப் படிக்கும் நூலா, பத்தாண்டாகத் தூசி படிந்த நூலா என்று தெரிந்துகொள்வோம். பெயர் ஒன்றும் இராது. பலர் தேடியதைப் பெயரின்றிப் பொதுவாகக் காட்டும் பரிந்துரைக்கு அதுவே முன்னோடி என்று சொல்லத் தோன்றுகிறது. அதில் நமக்கு வருத்தமில்லை. வருத்தம், வாசகர் பையும் நூல் சீட்டும் ஒருபோதும் பிரியாத தட்டு ஒன்றை நம் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டோம் என்பதுதான். 2001ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று நூலகப் பதிவுகளைக் கேட்டுப் பெறக் காவல் துறைக்கு வழிவகுத்தபோது, அந்நாட்டு நூலகர் சிலர் பதிவுகளை அன்றன்றே கிழித்துப் போடத் தொடங்கினர். பிரௌன் முறை தானாகச் செய்ததை அவர்கள் கையால் செய்ய வேண்டியிருந்தது.

நீதிமன்றங்களும் இந்தச் சிக்கலில் இறங்கியிருக்கின்றன. கடன் பாக்கிக்காகத் தம் சொத்து ஏலத்துக்கு வந்த செய்தி 1998இல் ஒரு நாளிதழில் வெளியானதை, கடன் தீர்ந்து ஆண்டுகள் பல கழிந்தபின்னும் தேடுபொறி காட்டுகிறதே என்று ஸ்பெயின் நாட்டவர் ஒருவர் முறையிட்டார். 2014ஆம் ஆண்டு மே 13இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நாளிதழின் பக்கம் அப்படியே இருக்கலாம். பெயரைத் தட்டியவுடன் அதைக் கொண்டுவந்து நீட்ட வேண்டியதில்லை என்பது அதன் சாரம். நம் நாட்டில் 2017 ஆகஸ்ட் 24இல் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கூறினர். அவர்களுள் ஒருவரான சஞ்சய் கிஷன் கௌல், அதற்குச் சில மாதங்கள் முன்புவரை சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். இணையம் மறப்பதில்லை, மனிதரை மறக்கவும் விடுவதில்லை என்னும் கருத்தைத் தம் தீர்ப்பில் விரித்துரைத்தவர் அவரே.

சென்னையில் வந்த வழக்கு இதைவிடக் கடினமானது. குற்ற வழக்கில் விடுதலையான ஒருவர், தீர்ப்பின் பிரதியில் தம் பெயர் இணையத்தில் நிற்பதை நீக்கக் கோரினார். 2021இல் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. இவர்களில் எவரையும் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தீர்ப்பு என்பது ஊருக்குச் சொந்தமான எழுத்து. நீதி எப்படி வழங்கப்பட்டது என்பதை அறிய ஊருக்கு உரிமை உண்டு. விடுதலையான மனிதனின் மகளுக்குப் பெண் பார்க்க வருபவர்கள் அவன் பெயரைத் தட்டிப் பார்ப்பார்கள் என்பதும் உண்மை. தீர்ப்பை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மறைப்பது இரண்டுக்கும் இடம் தரும் என்றே நாம் எண்ணுகிறோம். சட்டம் அறிந்தோர் மறுக்கலாம்.

ஆனால் நம்மை உண்மையில் உறுத்துவது நீதிமன்றத்தில் அல்ல, வீட்டுக்குள் இருக்கிறது. ஜாம்பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், நால்வருக்கு ஒரே கைப்பேசி உள்ள வீட்டை எண்ணிப் பார்ப்போம். அவ்வீட்டுத் தாய், மார்பில் தட்டுப்படும் கட்டியைப் பற்றி நடுப்பகலில், எல்லோரும் வெளியே போன வேளையில் தேடுகிறாள். படித்து முடித்ததும் அச்சொற்களை அழிக்கிறாள். மகன் பார்த்துவிடக் கூடாது என்னும் நாணம். நாம் இதுவரை சொன்ன நியாயப்படி அவளுக்கு முழு உரிமை உண்டு. அந்த வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ராயப்பேட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது. புற்றுநோய்க்கென்று தனிப் பிரிவே அங்கு உண்டு. அவள் அழிக்காமல் விட்டிருந்தால் மகன் கண்டிருப்பான். கண்டிருந்தால் மறுநாளே அழைத்துச் சென்றிருப்பான். நாணம் காத்த விரலே நோயையும் மூடிவிட்டது. அப்படியானால் அவன் துருவிப் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லலாமா?

சொல்லலாம் என்று நமக்குத் தோன்றவில்லை. அவன் பார்ப்பான் என்று அறிந்திருந்தால் அவள் தேடியே இருக்கமாட்டாள். அறியாமையில் இன்னும் சில மாதங்கள் கழிந்திருக்கும். பதிவு எஞ்சியிருப்பதால் உதவி கிட்டும் என்பது, பதிவு செய்யப்படுகிறோம் என்று அறியாதவர்களிடம் மட்டுமே செல்லும் வாதம். ஆனால் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும். மகன் கண்டுபிடிக்காதது குறையன்று. அவளால் மகனிடம் சொல்ல முடியாதிருந்தது குறை. மகள் இல்லாத வீட்டில் மருமகளிடமோ பக்கத்து வீட்டுப் பெண்ணிடமோ சொல்லவும் வாய் வராத அளவுக்கு நோயையும் வெட்கத்தையும் ஒன்றாக முடிந்து வைத்திருக்கும் நம் பழக்கம் குறை. பிள்ளைகளின் செய்தியில் இது இன்னும் கூர்மையாகிறது. பதினைந்து வயதுப் பையன் சாவைப் பற்றித் தேடியது தந்தையின் கண்ணில் தற்செயலாகப் பட்டுவிட்டால், பார்த்ததைப் பாராததாக விட்டுவிட முடியாது. அங்கே ஓர் உயிரின் உரிமை நிற்கிறது. ஆயினும் அவர் எடுத்துக்கொண்டு போய் நீட்ட வேண்டியது அந்தத் திரையை அல்ல. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று, எங்கே கண்டேன் என்று சொல்லாமலே பேச்சைத் தொடங்கலாம். வாசல் வழியாக வருவது என்பது அதுதான்.

முதியவர்களின் நிலை விசித்திரமானது. தாம் தேடியதை எப்படி அழிப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆகவே அழிப்பதற்காகவே அதைப் பேரனிடம் காட்ட வேண்டியிருக்கிறது. மறைக்க விரும்பியதை, மறைத்துக் கொடுப்பவன் முதலில் பார்த்துவிடுகிறான். மய்யித்தைக் குளிப்பாட்டுபவர் அவ்வுடலில் கண்டதை வெளியே சொல்லாது மறைக்க வேண்டும் என்று நம் மார்க்க நூல்கள் வலியுறுத்துகின்றன. உயிரோடிருக்கும் பாட்டனாரின் கைப்பேசியைத் துடைக்கும் இளைஞனுக்கும் அவ்வொழுங்கு பொருந்தும். அவனுக்கு இன்னும் எளிய வழியும் இருக்கிறது. பரிந்துரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து நீக்கினால்தான் அவை கண்ணில் படும். உலாவியின் அமைப்புகளுக்குள் சென்று, உலாவல் தரவை அழிக்கும் பகுதியில் காலம் முழுவதையும் தெரிவு செய்தால், ஒரு சொல்லையும் படிக்காமலே கருவியில் உள்ளவை அனைத்தும் நீங்கும். கைப்பேசியைத் தன் கையில் வாங்கவும் வேண்டியதில்லை. பாட்டனார் கையிலேயே அது இருக்கட்டும். எதிரே உட்கார்ந்து, அடுத்து எங்கே தொட வேண்டும் என்று சொன்னால் போதும்.